ஏறமாட்டேன் என்று சொல்லலாமா?: கல்வராயன் மலையிலிருந்து தொழிற்பயிற்சி, பாதுகாப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

கரியாலூரில் நடந்த ஒரு குறுகிய காலத் தொழிற்பயிற்சியில் ‘பணியிடப் பாதுகாப்பு’ என்று அட்டவணையில் போட்டிருந்த இரண்டு மணி நேரத்தை எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் இந்த மலைக்காரன், வெளியே போய் வேலை செய்து திரும்பியவன், கொஞ்சம் பேச வரும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. கம்பி கட்டும் வேலையும் வயரிங் வேலையும் கற்றுக்கொள்ள வந்த பையன்கள். ஹெல்மெட், பெல்ட், கையுறை, பூட்ஸ் என்று படம் போட்ட தாள்களைக் கொடுத்திருந்தார்கள். உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டின் கொக்கியை உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“சார், கொக்கி மாட்ட இடமே இல்லேன்னா, நான் ஏறமாட்டேன்னு சொல்லலாமா?”

பக்கத்திலிருந்தவன், “சொல்லிப் பாரு, வண்டிக்காசு கூட குடுக்காம அனுப்பிடுவான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, “சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும்” என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ‘சார்’ என்றவனே ‘மாமா’ என்று கூப்பிட்டு, பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தான். அந்தக் கேள்வியை அவன் திரும்பக் கேட்கவில்லை. எனக்குத்தான் அது உறைத்துக்கொண்டே இருந்தது.

பாதுகாப்புக்குப் பயிற்சி அவசியமா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. நான் கேட்க விரும்புவது வேறு. பயிற்சி என்பது எதைக் கற்றுக்கொடுக்கிறது, எதைக் கற்றுக்கொடுக்காமல் விடுகிறது? அந்த விடுபடலுக்கு ஒரு வரலாறு இருக்கிறதா? இருக்கிறது என்றால், இந்த மலையிலிருந்தே அதைத் தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

2

மலையாளிகள் எனப்படும் எங்கள் சனங்கள் மரம் ஏறவும் பாறை இறங்கவும் எந்த நிலையத்திலும் கற்றுக்கொண்டதில்லை. கடுக்காய், புளி, தேன் என்று எல்லாமே உயரத்தில் இருப்பவை. தேன் எடுப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். மலைவாழ் மக்கள் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. பாறை இடுக்கில் கயிறு கட்டி ஒருவன் இறங்கும்போது, மேலே கயிற்றைக் காவல் காப்பவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும். கயிறு அறுந்தால் தாலி அறுபடுவது காவல்காரனின் சொந்த அக்கா தங்கைக்கு. இதைப் பழங்குடி அழகியல் என்று ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். நான் இதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகப் பார்க்கிறேன். ஆபத்தில் இறங்குபவனின் உயிரும், மேலே நிற்பவனின் நலனும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. இன்னொன்று, இறங்குகிறவன் ‘இன்னிக்கு வேணாம், காத்து சரியில்ல’ என்றால் அன்றைக்குத் தேன் இல்லை. அதை மீறி அவனை இறக்க எவருக்கும் அதிகாரம் கிடையாது. மறுக்கத் தெரிவது அந்தத் திறனின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இதைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. பாறையிலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு. கயிற்றின் கணக்கில் பெண்ணுக்குத் தாலியாக மட்டுமே இடம், அவள் சுமந்த விறகும் தண்ணீரும் வேலையாகவே எண்ணப்படவில்லை. இவ்வளவும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: தன் வேலையை நிறுத்தும் உரிமை, அந்த வேலையைச் செய்கிறவன் கையில் இருந்தது.

அதே மனிதன் ஜாகிர்தாருக்கு வெட்டி வேலை செய்யப் போனபோது அந்த உரிமையைக் காட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களின் கீழ் இந்த மலை இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்துக் கொடை என்று அதற்கு ஒரு மூலக்கதையும் சொல்லப்படுகிறது. நாடு 1947இல் விடுதலை பெற்றது, 1950இல் அரசியல் சட்டம் வந்தது, அதன் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்தது. ஆனால் இந்த மலையில் ஜாகிர் முறை முடிவுக்கு வந்தது 1976இல், அதுவும் நெருக்கடி நிலைக் காலத்தில். ஜனநாயகம் செய்யாததைச் சர்வாதிகாரம் செய்தது என்று பேசுகிறவர்கள் இங்கே இன்றும் உண்டு. அந்த முரண்பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

என் தாத்தா வெட்டிக்குப் போனவர். கூப்பிட்ட நாளில் போக வேண்டும், கூலி கிடையாது. அவரிடம் நான் கேட்ட வாக்கியம் ஒன்றுதான்: “வேணாம்னு சொல்ற வாயே அப்ப கெடையாதுடா.” மரம் ஏறும் திறன் அதே உடலில்தான் இருந்தது, வாய் மட்டும் இல்லை. ஃபூக்கோ 1975இல் எழுதிய ‘கண்காணிப்பும் தண்டனையும்’ நூலில், ஒழுங்குமுறை என்பது உடலின் திறனைக் கூட்டிக்கொண்டே அதன் எதிர்ப்பைக் குறைப்பது என்கிறார். பட்டாளத்தையும் பள்ளிக்கூடத்தையும் தொழிற்சாலையையும் பார்த்துச் சொன்னது அது. எங்கள் தாத்தாக்களுக்குத் திறனைக் கூட்டும் வேலையை யாரும் செய்யவில்லை, இருந்ததை எடுத்துக்கொண்டு எதிர்ப்பை மட்டும் கழித்தார்கள். திறனைக் கூட்டும் வேலை இப்போதுதான் நடக்கிறது.

3

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கடனுக்கு ஈடாக உழைப்பை வாங்குவதைக் குற்றமாக்கியது. 1982இல், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. துப்பாக்கி காட்டினால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் வறுமையும் ஒருவனை வேறு வழியில்லாமல் வேலைக்குத் தள்ளினால் அதுவும் கட்டாயமே, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி எழுதினார். அந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மலையிலிருந்து காலையில் இறங்கும் பஸ்ஸைப் பார்க்க வேண்டும்.

அந்த பஸ்ஸில் நானும் இறங்கியிருக்கிறேன், மிளகு பறிக்கக் குடகுக்கு. மேஸ்திரி வீட்டுக்கு வந்து முன்பணம் கொடுத்தார். அப்பாவின் வைத்தியச் செலவுக்கு அது தேவையாக இருந்தது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி நாற்பதடிக்கு மேலேயும் போகும். மூங்கில் ஏணியில் ஏறுவது எங்களுக்குப் புதிதில்லை. அந்த வருஷம் தோட்டத்தில் அலுமினிய ஏணி வாங்கியிருந்தார்கள். எடை குறைவு, தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடலாம், பறிப்பு கூடும். மரங்களுக்கு நடுவே மின்கம்பி போய்க்கொண்டிருந்தது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பது எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். மேஸ்திரியிடம் சொன்னேன். “பாத்து நிறுத்துங்கடா” என்றார். ஒரு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லலாமே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, என் பெயருக்கு எதிரே எழுதியிருந்த முன்பணத் தொகையை நோட்டில் காட்டினார். நான் ஏணியைத் தூக்கினேன்.

மூன்றாம் நாள் எங்கள் ஆள் ஒருவர் ஏணியை நிமிர்த்தும்போது உச்சி கம்பியில் உரசியது. உயிர் பிழைத்தார், வலது கை போனது. ‘கவனக்குறைவு’ என்று பேசி முடித்தார்கள். குடகில் மிளகுப் பறிப்புக் காலத்தில் அலுமினிய ஏணி மின்கம்பியில் பட்டுத் தொழிலாளர் சாவது செய்தித்தாளில் சிறு செய்தியாக வரும். படிக்கும்போதெல்லாம் அந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இந்தச் சம்பவத்தை நான் பல வருஷம் ‘படிக்காததால் வந்த விபத்து’ என்றே சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. அலுமினியம் பற்றி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தால் ஏணியை இன்னும் ஜாக்கிரதையாகத் தூக்கியிருப்பார்கள். ஆனால் தெரிந்த நானும் அதே ஏணியைத்தான் தூக்கினேன். என் அறிவு என்னிடம் இருந்தது, என் மறுப்பு மேஸ்திரியின் நோட்டில் அடகு இருந்தது.

முன்பணத்தின் இந்தக் கயிறு எங்கெல்லாம் போகிறது என்பதற்கு இன்னும் கொடூரமான சாட்சிகள் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்படை 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றது. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் பிணமாக மிதந்த 5 பேர் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்து ஊர்க்காரர்கள். செம்மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம், ஆகவே அது ‘வேலை’ ஆகாது, அங்கே செத்தவன் ‘தொழிலாளி’ ஆகமாட்டான். ஆனால் தரகர் எங்கள் ஆளிடம் தேடியது கோடரி பிடிக்கும் திறனைத்தான்.

4

விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்ற சொல்லாடல் வானத்திலிருந்து விழுந்ததில்லை. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் அயர்லாந்தின் கார்க் அருகே இருந்த ஒரு சணல் ஆலையைச் சொல்கிறார். 1852 முதல் 1856 வரை அங்கே 6 சாவுகள், 60 உறுப்பிழப்புகள். ஒவ்வொன்றும் சில ஷில்லிங் பெறுமான எளிய தடுப்புகளால் தவிர்த்திருக்கக் கூடியவை. மலையடிவாரத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் பக்கம் எங்கள் மரவள்ளிக் கிழங்கு போய்ச்சேரும் சேகோ ஆலைகளில், கிழங்கு அரைக்கும் உருளைக்கு மூடி இருக்கிறதா என்று பார்க்கிற எவருக்கும் இந்தக் கணக்கு புரியும். மூடிக்கு ஆகும் செலவு முதலாளியுடையது. ஜாக்கிரதையாக இருப்பதற்கு ஆகும் செலவு தொழிலாளியுடையது.

இந்தச் செலவு மாற்றத்துக்கு விஞ்ஞான முத்திரை குத்தியவர் ஹெய்ன்ரிச். அமெரிக்காவில் டிராவலர்ஸ் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1931இல் தொழிற்சாலை விபத்துத் தடுப்பு பற்றி எழுதிய புத்தகத்தில், விபத்துகளில் 88 சதவீதம் ஆட்களின் பாதுகாப்பற்ற செயல்களால், 10 சதவீதம் பாதுகாப்பற்ற சூழலால், 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்று கணக்குச் சொன்னார். அவர் ஆராய்ந்தவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை முதலாளிகளின் பதிவேடுகளும். யார் எழுதிய கோப்பு என்று கேட்டால் முடிவு எப்படி வந்தது என்று புரிந்துவிடும். குடகில் எங்கள் ஆளின் கை பற்றி எழுதினால் அதுவும் அந்த 88இல்தான் சேர்ந்திருக்கும். அந்த எண் இன்றைக்கும் பாதுகாப்பு வகுப்புகளில் புழங்குகிறது. எனக்குக் கொடுத்த தாள்களில் எண் இல்லை, ஆனால் எல்லாப் படமும் தொழிலாளியின் உடலைப் பற்றியதே. சாரம் கட்டியவனைப் பற்றியோ, நாள் கணக்கை நெருக்கும் ஒப்பந்தக்காரரைப் பற்றியோ ஒரு படம் கிடையாது.

‘பயிற்சி’ என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநர் பயிற்சி பெறுகிறவரே தவிரத் தொழிலாளி அல்ல என்று 18ஆம் பிரிவில் சொன்னது. ஆலைக்குள் பழகுநரின் பாதுகாப்புக்கு அதே சட்டம் தனியாக ஏற்பாடு செய்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ‘தொழிலாளி அல்ல’ என்ற அந்த மூன்றெழுத்துச் சமாச்சாரம் நூற்பாலைகளுக்கு எப்படிப் பயன்பட்டது என்று சுமங்கலித் திட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று வருஷம் ஆலை விடுதியில் அடைந்து, பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, முழு வேலையும் செய்த பெண்களைப் ‘பயிற்சியாளர்’ என்று எழுதிக்கொண்டார்கள். சங்கமும் கிடையாது, முழுக் கூலியும் கிடையாது. கற்றுக்கொள்கிறவள் கேள்வி கேட்கக் கூடாது என்பது அங்கே நிர்வாக விதி.

5

அப்படியானால் பயிற்சியே முதலாளித்துவச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது. அந்த இடத்தில் என்னை நிறுத்துவது போபால்.

யூனியன் கார்பைடு ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் பிரிவின் வேலையாட்களை 12இலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். இயக்குநர்களுக்கான பயிற்சிக் காலத்தையும் வெட்டினார்கள். பயிற்சி வெறும் ஏமாற்று என்றால் நிர்வாகம் அதைக் குறைத்திருக்க வேண்டியதில்லை. செலவு பிடிக்கும் நிஜமான பாதுகாப்பு அதில் இருந்தது, அதனால்தான் வெட்டினார்கள். 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் தொழிற்சங்கம் ஆபத்தைச் சொல்லி நகரத்தில் சுவரொட்டி ஒட்டியது. பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி எழுதினார். தெரிந்தவர்கள் இருந்தார்கள், சொன்னார்கள். ஆலையை நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு வாயு வெளியேறி ஆயிரக்கணக்கானோர் செத்தபின், கம்பெனி சொன்ன கதை என்ன? அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளியின் நாசவேலை. ஹெய்ன்ரிச்சின் 88 வேறு உருவத்தில் வந்தது.

போபாலின் பிணங்கள் மீதுதான் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. பாதுகாப்பு நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க 41-ஜி, உடனடி ஆபத்தை எச்சரிக்க 41-எச், பாதுகாப்புத் தகவலும் பயிற்சியும் பெற 111-ஏ. பயிற்சி முதன்முறையாகத் தொழிலாளியின் உரிமையாக எழுதப்பட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் அது தொழிற்சாலைக்குள். எங்கள் சனம் போகும் தோட்டங்களுக்கான 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்புக்கென்று ஓர் அத்தியாயம் வரவே 2010 ஆனது.

இந்தச் சட்டங்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 14ஆம் பிரிவைத் தோழர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாகத் தொழிலாளி கருதினால் முதலாளியின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். முதலாளிக்குத் திருப்தி ஏற்பட்டால் சரிசெய்வார், ஏற்படாவிட்டால் ஆய்வாளருக்கு அனுப்புவார், ஆய்வாளர் முடிவே இறுதி. இதற்கிடையில் அந்த ஆள் எங்கே நிற்பது? ஏணியின் மேலா, கீழா? 41-எச் சொல்லாததை இதுவும் சொல்லவில்லை. எச்சரிக்கலாம், இறங்கலாம் என்று எழுதவில்லை. ஆபத்து என்று நியாயமாகக் கருதி வேலையை விட்டு விலகுகிறவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் ஒப்பந்தம் 1981லேயே 13ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. 2022இல் அது அடிப்படை ஒப்பந்தங்களில் ஒன்றாக உயர்த்தவும்பட்டது. வகுப்பில் அந்தப் பையன் கேட்டது, அவனுக்கே தெரியாமல், இந்த 13ஆம் பிரிவைத்தான்.

6

பயிற்சியும் மறுப்பும் ஒன்றாகச் சேர்ந்த தருணங்கள் வரலாற்றில் இல்லாமல் இல்லை. 1960களில் இத்தாலியின் தூரின் நகரத்தில் இவார் ஒத்தோனே என்ற மருத்துவர் தொழிலாளர்களோடு சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார். ஒரே வேலையைச் செய்யும் குழு, தன் பணியிடத்தின் சத்தம், தூசி, களைப்பு, வேக நெருக்கடி எல்லாவற்றையும் தானே பதிவு செய்யும். நிபுணர் உதவலாம், ஆனால் குழு ஒப்புக்கொள்ளாத எந்த அளவீடும் செல்லாது. ஆரோக்கியத்தை எவரிடமும் ஒப்படைப்பதில்லை, கூடுதல் காசுக்கு விற்பதில்லை என்பது அவர்கள் நிலை. 1970ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் 9ஆம் பிரிவில், தொழிலாளர் தம் பிரதிநிதிகள் வழியாகப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் உரிமையை ஏற்றது. 1973இல் உலோகத் தொழிலாளர்கள் தம் ஒப்பந்தத்தில் 150 மணி நேரம் சம்பளத்தோடு படிக்கும் உரிமையை வென்றார்கள். அதுவும் தொழிலாளர் திறன் மேம்பாடுதான். யார் பாடத்திட்டம் போடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

தூரின் வேறு, கரியாலூர் வேறு என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரே ஆலையில் ஆயிரக்கணக்கானோர், வலுவான சங்கம். இங்கே ஒரு மேஸ்திரியின் கீழ் பத்துப் பேர், மூன்று மாதத்துக்கு ஒரு ஊர். ஆனால் அந்தப் பத்துப் பேரும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள், மாமன் மச்சான்கள். மேஸ்திரிக்கு இந்த உறவு ஆள் பிடிக்கும் வசதி. தேன் எடுத்தவர்களுக்கு அதுவே காவல் கயிறாக இருந்தது. ஒருவன் ஏறமாட்டேன் என்றால் அவனை அனுப்பிவிடலாம். பத்துப் பேரும் சேர்ந்து ‘இவன் ஏறலேன்னா நாங்களும் ஏறல’ என்றால், முன்பண நோட்டை வைத்துக்கொண்டு மேஸ்திரி என்ன செய்வார் என்று பார்க்கலாம். எளிதில்லை. பத்து வீட்டிலும் கடன் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பாதுகாப்பு வகுப்பில் சொல்லாமல், பெல்ட்டை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபின், கல்வராயன் மலை மக்களின் நிலையை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக ஒரு வழக்கை எடுத்தது. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பிழைப்பு எல்லாம் பேசப்பட்டன. பிழைப்பு என்று வந்ததும் பதில் தயாராக இருக்கிறது: திறன் பயிற்சி. வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலக்ட்ரீசியன் படித்த ஒருவன் எங்கள் குழுவில் இருந்து, அவன் சொல் செல்லுபடியாகியிருந்தால் அந்தக் கை இருந்திருக்கும். பயிற்சி தருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. பாதுகாப்புப் பாடம் மேஸ்திரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் உண்டா? புது ஏணி வந்தால் பறிப்புக்கு முன்னால் அதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? போகிற ஊரில் புகார் சொல்ல, எங்கள் பாஷை தெரிந்த ஆள் யார்? ஏறமாட்டேன் என்று சொன்னவனுக்கு அன்றைய கூலியும் திரும்பிவர வண்டிக்காசும் யார் பொறுப்பு?

அடுத்த குழுவுக்கு வகுப்பெடுக்க மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். படத்தாள்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். முதல் அரைமணி நேரம் அந்தப் பையனின் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, வெளியே போய்த் திரும்பியவர்களை, வலது கை இல்லாத எங்கள் ஆளையும் சேர்த்து, பேச விடுவதாக உத்தேசம். அவரிடம் கேட்டேன். “வர்றேன்டா. ஆனா ஜாக்கிரதையா இருங்கன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதே” என்றார்.